பொண்ணுதான் வேணும்

பூர்ணிமா வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகைக்கு நேர் கீழேதான் அவள் நாற்காலி. அந்தப் பலகை மற்றவர்களுக்காக மாட்டியது என்று நினைத்துக்கொண்டு தினம் இரண்டு பேராவது வந்து நிற்பார்கள். நீலக் கலர் சட்டை வாங்கலாமா என்று சாடையாகக் கேட்பார்கள். எட்டு வருடமாகச் சொல்ல முடியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

அவளுக்கே குழந்தை இல்லை. கணவன் அரிகிருஷ்ணன் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். டெஸ்ட் டியூப் முறையில் ஒருமுறை முயன்றும் கரு தங்கவில்லை. இரண்டாவது முறைக்குத் தயாரானபோதுதான் பாரிசிலிருந்து அவன் அண்ணன் அன்பழகன் போன் செய்தார். வரைபடத்தில் விரல் வைத்துத் தேடவேண்டிய ஒரு தீவு நாட்டில், கருவைப் பரிசோதித்து, ஆணோ பெண்ணோ நாம் கேட்கிற பிள்ளையை வைப்பார்களாம். அங்கே அது குற்றமில்லை; செலவெல்லாம் தன் பொறுப்பு என்றார்.

அரிகிருஷ்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் பிறந்த வீட்டில் அவனோடு சேர்த்து நான்கும் ஆண்பிள்ளைகள். பெண் குழந்தை என்றால் அவனுக்கு உயிர். பட்டுப் பாவாடை கட்டி, வீராம்பட்டினம் தேர் பார்க்கத் தோளில் தூக்கிப் போவதுவரை யோசித்துவிட்டான்.

"பையன்னா தோள்ல ஏறமாட்டானா?" என்றாள் பூர்ணிமா.

"அது வேற, பூர்ணி."

அவள் அதோடு விட்டுவிட்டாள். உண்மையில் அவளுக்கும் பெண்தான் ஆசை. பெயர்கூட வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மருத்துவமனையிலிருந்து மேனகா என்ற பெண் வீடியோவில் வந்து, நல்ல தமிழில் எல்லாம் விளக்கினாள். ஐந்தாறு கரு உருவாகும், அதில் பெண்ணாக இருப்பதில் நல்லதாக ஒன்றை வைப்பார்கள். அரிகிருஷ்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். பூர்ணிமா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நல்லா இருக்கற மத்ததை என்ன செய்வீங்க?"

"அது உங்க விருப்பம் மேடம். வச்சிருக்கலாம். வேணாம்னா விட்டுடலாம்."

மேனகா அதைச் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். பூர்ணிமாவுக்குத்தான் முந்தின வாரம் வந்த ஒரு அம்மாள் ஞாபகம் வந்தது. மருமகள் வயிற்றில் மூன்றாவதும் பெண்ணா என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாள் அழாத குறையாகக் கேட்டாள். பூர்ணிமா அவளை எழுப்பி வெளியே அனுப்பியிருந்தாள்.

போனை வைத்ததும், போகவேண்டாம் என்றாள். அரிகிருஷ்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. ஊரே பையன் வேண்டும் என்று அலையும்போது தான் பெண் கேட்பது தப்பா, பெண்ணை வேண்டாம் என்பவர்களும் தானும் ஒன்றா என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

"கேக்கறது வேறதாங்க. ஆனா ஆம்பளப் புள்ளைங்கறதுக்காகவே ஒண்ணை வேணாம்னு தள்ளிட்டு, நாளைக்கு நான் அந்த போர்டுக்குக் கீழ சேர்ல போய் எப்படி உக்காருவேன்?"

இரண்டு நாள் அவன் உர்ரென்று எஞ்சினோடு மட்டும் பேசினான். மூன்றாம் நாள் மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். உள்ளூரிலேயே இரண்டாம் முறை முயன்றார்கள். இந்தமுறை தங்கியது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காலையில் பிறந்தது பையன். நர்ஸ் சொன்ன அந்த நொடியில் பூர்ணிமாவின் மனம் ஒரு கடுகளவு சுருங்கியது. தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை. அத்தனை நியாயம் பேசியவள் அல்லவா? மறைக்கத் தெரியாமல் சாயங்காலம் அரிகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டாள்.

"பொண்ணா இல்லியேன்னு ஒரு நிமிஷம் இருந்துச்சுங்க."

அவன் மூன்றாவது தடவையாகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

"எனக்கு மத்தியானம் வரைக்கும் இருந்துது," என்றான்.

தையல் வலிக்க வலிக்க அவள் சிரித்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, தலையை எப்படித் தாங்குவது என்று கேட்டு, பையனை மெல்ல வாங்கிக்கொண்டான்.