சுருட்டை வைத்த பொறி

ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் கொடுக்கும் மேடத்தைச் சுருட்டை முதல் நாளே நம்பவில்லை. அந்தம்மா அதட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை, எந்த நாற்காலியில் உட்கார வசதி என்று வேறு கேட்டாள். காரியம் இல்லாமல் இவ்வளவு பதமாக யார் பேசுவார்கள்?

சுருட்டை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். தலைமுடியைப் பார்த்து அங்கே வைத்த பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. வேலையாட்களை வீட்டில் கொண்டுபோய் விடும் ஹோட்டல் வேனில் கடைசியாக இறங்குகிறவள் அவள்தான். அதைக் கணக்குப் பண்ணித்தான் டிரைவர் ஒருநாள் வேனை வேறு பக்கம் திருப்பினான். மறுநாள் காலையிலேயே அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போலீசில் புகார் கொடுத்தாள். அவனைப் பிடித்தார்கள்; அவளைக் கவுன்சலிங்குக்கு அனுப்பினார்கள். ஜாமீனில் வெளியே வந்தவன், "அவளே குடிச்சிட்டுத்தான் வண்டியில ஏறினா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அன்று அவள் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அதற்கு அப்புறம்தான் தொட்டாள். கண்ணை மூடினால் வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. தூங்குவதற்காக ஆரம்பித்தது, வேலைக்குக் கிளம்பவும் வேண்டும் என்று ஆகிவிட்டது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

அதனால்தான், "தூங்கறதுக்கு ஏதாவது எடுத்துக்கறீங்களா? மாத்திரையோ, மதுவோ?" என்று மேடம் கேட்டதும் அவளுக்கு முதுகு விறைத்தது.

"நான் சொல்றதெல்லாம் யாருக்குப் போகும்?"

"நானா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும். அப்புறம், கோர்ட்டு உத்தரவு போட்டுக் கேட்டா நான் பதில் சொல்ல வேண்டி வரலாம். வரவே வராதுன்னு உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."

சுருட்டை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். அவன் லிஃப்ட் மெக்கானிக்; எதிலும் எங்கே கோளாறு என்றுதான் முதலில் பார்ப்பான். "சும்மா உக்காந்து கதை கேக்கறதுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? ஹோட்டல்காரன் ஏற்பாடு பண்ணின ஆளா இருக்கும். வாயக் குடுத்து மாட்டிக்காத."

ஒவ்வொரு தடவையும் துணைக்கு வந்த அண்ணி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அறைக்கு வெளியே உட்கார்ந்து, கொண்டுவந்த துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.

சுருட்டை ஒரு பொறி வைத்தாள். அடுத்த தடவை போனபோது மேடத்திடம், "கேஸை வாபஸ் வாங்கப் போறேன். வேற ஊர்ல சிநேகிதி இருக்கா, அங்க போயிடுவேன்" என்று வாய்கூசாமல் புளுகினாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. இது எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

மேடம் தடுக்கவில்லை. "அது உங்க முடிவு" என்றாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "இது எத்தனை நாளா?"

அந்தக் கேள்விக்குப் பொய் தயாராக இல்லை. குடிப்பதைச் சொல்லிவிட்டாள்.

"குடிச்சா தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். ஆனா நடுவுல உலுக்கி எழுப்பிடும், கனவும் மோசமாகும். இப்படி ஆகறவங்க நிறைய பேர். உங்க மேல தப்பில்ல. ஆனா திடீர்னு நிறுத்திடாதீங்க, உடம்பு தாங்காது. டாக்டரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம். தள்ளிப்போட்டா பழக்கம் இறுகிடும், அதனாலதான் இப்பவே பேசறேன்."

இரண்டு நாளில் பொறி விழுந்தது. சாப்பிட உட்கார்ந்த அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான். "கேஸை வாபஸ் வாங்கறியாமே? ஊரை விட்டே போறியாமே?"

அவளுக்குக் காது அடைத்தது. கேஸ் பற்றிச் சொன்னது அண்ணன்வரை வந்துவிட்டால், குடிக்கிற விஷயம் அந்த டிரைவரின் வக்கீல்வரை போயிருக்காதா? பாட்டிலில் இருந்ததை மொத்தமாகக் குடித்துவிட்டு வேலைக்கும் போகாமல் கிடந்தாள்.

மறுநாள் அண்ணி கூட வர, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை. "நீங்க யார் ஆளு? அந்தக் கதைய நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். பொய்க் கதை அது. எங்கண்ணனுக்கு எப்படிப் போச்சு?"

மேடத்தின் முகம் வெளுத்தது. கோபப்படுவாள் என்று சுருட்டை எதிர்பார்த்தாள். அவளோ யோசித்தபடி எழுந்து, "இங்கேயே நின்னு சாதாரணமா ஏதாவது பேசுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"என்னத்தப் பேச? உங்க மூஞ்சியப் பார்த்தாலே எரியுது" என்றாள் சுருட்டை, சுவரைப் பார்த்து.

"கேட்டுச்சு" என்றது வெளியிலிருந்து மேடத்தின் குரல். "முழுசாக் கேட்டுச்சு."

அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் வெறும் ஒட்டுப்பலகை. உள்ளே வந்த மேடம், "இத்தனை வருஷம் இந்த ரூம்ல உக்காந்திருக்கேன். ஒரு நாள் வெளிய நின்னு பார்க்கல. என் தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவள் பின்னால் அண்ணி, ஊசியும் கையுமாக நின்றாள்.

"நான்தான் அவர்கிட்ட சொன்னேன்" என்றாள். "நீ எங்களை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

"அப்போ நான் குடிக்கறதையும் கேட்டிருப்பீங்களே?" என்றாள் சுருட்டை.

"அது எனக்கு முன்னாடியே தெரியும். வீட்டுல உன் துணியத் துவைக்கிறவளுக்கு வாடை தெரியாதா? அதை அவர்கிட்டயும் சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

சுருட்டை அண்ணியை முறைத்தாள். அப்புறம் முறைக்க முடியவில்லை. டிரைவரைப் பற்றிப் புகார் கொடுத்த அன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. மேடம் கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரத்திலிருந்து சந்திப்பு மாடியில் செங்கல் சுவர் வைத்த அறைக்கு மாறியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். குடி குறைந்தது, நடுவில் ஒருமுறை சறுக்கி மறுபடி குடித்தாள், அதையும் தானே போய்ச் சொன்னாள். அண்ணனிடமும் சொன்னாள். அவன், வேன் வேண்டாம், இனிமேல் வேலைக்குத் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.

விசாரணையில் டிரைவரின் வக்கீல், "உங்களுக்குக் குடிப்பழக்கம் உண்டுதானே?" என்று நக்கலாகக் கேட்டார்.

"அன்னிக்குக் குடிக்கல. உங்க ஆள் செஞ்சதுக்கப்புறம் குடிச்சேன். இப்போ வைத்தியம் பார்த்து விட்டுட்டு வர்றேன். வேற என்ன கேக்கணும்?"

டிரைவருக்குத் தண்டனை ஆனது. மேல்முறையீடு செய்யப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது, சுருட்டை ஈர விரிப்பை மேசையில் உதறிப் போட்டாள். "போகட்டும், அங்கயும் வந்து சொல்றேன்" என்றாள்.