அண்ணன் விற்க வந்த கார்டு

பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை, கணினிகளைச் சோதித்துப் பார்ப்பது. தகவலை வேகமாகத் தேடுவதற்கென்றே செய்த, கணினிக்குள் செருகும் ஒரு கார்டை விற்க அவளுடைய அண்ணன் வந்து நின்றபோது, மேலாளர் சோதனையை அவளிடமே கொடுத்தார். அண்ணன் என்று தெரிந்தும் கொடுத்தார். நம்பிக்கையா, ஆழம் பார்க்கிறாரா என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

சர்வர் அறையில் இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் கார்டு இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டிலும் ஒரே பதிவுகள். ஒரு பயணியின் டிக்கெட்டைத் தேடச் சொன்னாள். கார்டு இல்லாத இயந்திரம் முந்தியது. எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று முதலிலிருந்து ஓட்டினாள். மறுபடியும் அதே கதை. ஓராண்டில் எந்தத் தடத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டாள். இப்போது கார்டு இருந்த இயந்திரம் பறந்தது. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே இயந்திரம்வரை போய்ப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அறைக் குளிரில் விரல்கள் மரத்துப்போயின; தலைதான் சூடேறியது.

அண்ணன் தினமும் போனில் கேட்டான். அவள் மழுப்பினாள். கடைசியில் மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தங்கள் அலுவலகத்தில் கார்டு பத்து மடங்கு வேகமாக ஓடியதாகச் சத்தியம் செய்தான். அங்கே என்ன கேட்டுப் பார்த்தீர்கள் என்று விசாரித்தாள். எல்லாமே கோடிக்கணக்கான பதிவுகளை அலசுகிற பெரிய கேள்விகள்.

அப்போதுதான் நேரத்தைப் பிரித்து அளந்தாள். ஒற்றை டிக்கெட்டைக் கார்டு கண்ணிமைக்கும் முன் தேடிவிட்டது. ஆனால் கேள்வியைக் கார்டுவரை கொண்டுபோய், பதிலைத் திருப்பிக் கொண்டுவர அதைவிட அதிக நேரம் பிடித்தது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்ங்கிற மாதிரி இருக்கு," என்றாள். "சின்னக் கேள்விக்கு இது சரிப்படாதுண்ணா."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதை அப்படியே எழுதப் போறியா?"

"வேற எப்படி எழுதுறது?"

மேலாளர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, எது வேகம் என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார். கேட்பதைப் பொறுத்தது என்றாள். அந்தப் பதில் அவருக்கு ருசிக்கவில்லை. பத்துக் கார்டு வாங்குவதாக இருந்தவர், பெரிய கணக்குகளுக்கு மட்டும் போதும் என்று ஒன்றை வாங்கினார்.

அண்ணனின் தினசரி போன் நின்றுபோனது. அண்ணிதான் போன் செய்தாள்.

"உன் புண்ணியத்துல ஒண்ணாவது வித்துச்சாம். நல்லா இரும்மா."

குரலில் கோபமே இல்லை. அது நன்றியா, குத்தலா என்று கணவனிடம் கேட்டாள். அண்ணி சொன்னதை அதே மாதிரி சொல்லிக் காட்டச் சொன்னான். சொல்லிக் காட்டினாள். இன்னொரு தடவை கேட்டுவிட்டு, தனக்கும் விளங்கவில்லை என்றான்.