தோடியில் விட்ட இடம்

முப்பத்தோராம் பக்கத்தில் சில்வெஸ்டர் சேர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் அக்காவின் கையெழுத்தில் விரலை வைத்து உரக்க வாசித்தார். “தோடியில் பஞ்சமத்தை விட்டுவிட்டும் பாடுவார்கள். பாடகன் தொடாமல் தாண்டிப்போகும் அந்த இடத்தில் கேட்கிறவனுடைய மனம்…” அதற்குப் பிறகு இரண்டு வரிக்கு வெறுமை. வெறுமையின் நடுவில், அடைப்புக்குள், சின்னதாக: இவளுக்குக் கை நொந்துட்டுது.

“ஆருக்குக் கை நொந்தது?” என்று கேட்டார்.

“எனக்கு, சேர்.”

மூன்று கொப்பிகளையும் கொடுத்துவிட்டு, அவருடைய மனைவி றோசம்மா ஊற்றிய தேத்தண்ணீரையும் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடிவந்தேன்.

அந்தக் கொப்பிகள் மேனுகா அக்காவுடையவை. வாவிக்கு மேற்கே, இயக்கத்தின் பிடியில் இருந்த எங்கள் வவுணதீவுப் பக்கம் றேடியோவுக்குப் பற்றரி கொண்டுவர ராணுவம் தடை போட்டிருந்த காலத்தில் அவள் எழுதியவை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வானொலியில் சேரின் சங்கீதப் பேச்சு வரும். அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை டயரோடு அழுத்திவிட்டு, அதிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. றேடியோவில் காதை வைத்து எழுதுவது அக்காவின் வேலை. சங்கிலிச் சத்தத்தில் எனக்கு அரைவாசியும் கேட்காது. ஆனாலும் சேர் பேசுகிறார் என்றால் முற்றம் முழுவதும் வேறு மாதிரி ஆகிவிடும். கை சோர்ந்தால் அவருடைய குரல் மெலிந்து மெலிந்து நின்றுபோகும். அக்கா பென்சிலைத் தூக்கிக் காட்டிக் கத்துவாள். “சுத்துகா, சோம்பேறி! நீ தின்ன சோறெல்லாம் எங்க போகுது?” நான் கையை மாற்றிக்கொண்டு மறுபடி சுற்றுவதற்குள் சேர் எங்கேயோ போயிருப்பார். போன இடத்தை அக்கா வெறுமையாக விட்டு, அடைப்புக்குள் என்னைப் பற்றி ஒரு முறைப்பாடு எழுதி வைப்பாள்.

சேர் கடல் கடந்து போய்ச் சங்கீதம் படித்து, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். திரும்பி வந்து அந்தப் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பதினான்கு வருடம் வானொலியில் எங்களைப் போன்ற ஆட்களுக்காகப் பேசினார். ஷட்ஜத்தை அவர் துறை என்பார். எந்தப் பக்கம் வலித்தாலும் தோணி திரும்பி வந்து கட்டுகிற இடம். அவரைக் கேட்டுக் கேட்டு, வயல் வட்டையில் காவலுக்குப் போகிற ஆண்கள்கூடச் சினிமாப் பாட்டைப் பாதியில் நிறுத்தி இது இன்ன ராகம் என்று சண்டை பிடித்தார்கள். அவர் எதையும் எழுதி வைத்துப் பேசியதில்லை. ஒலிநாடாக்கள் மட்டும் கடற்கரை வீட்டில் இருந்தன. சுனாமி வந்த ஞாயிறு அவரும் றோசம்மாவும் பூசைக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். வீடும் நாடாக்களும் பிழைக்கவில்லை. இப்போது நாவற்குடாவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பேச்சுகளைப் புத்தகமாக்க நினைத்தபோது அவருக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா என்று பத்திரிகையில் கேட்டிருந்தார்.

நான் அதைப் பார்த்தது சண்டை முடிந்த அடுத்த மாதம். சுனாமிக்கு அடுத்த வருடம் அக்காவை இயக்கத்துக்கென்று வன்னிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கடிதம் வந்தது. சண்டை முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எந்த முகாம் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. சேரிடம் ஒரு நாள் கொப்பிகளைக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனால்தான் நான் போனேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பப் போனபோது றோசம்மா தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருந்தார்.

“வாகா புள்ள. உன்ட சேரைப் பாரு, தான் கதைச்சதைத் தானே பாடமாக்கிக்கொண்டிருக்கார். கல்யாண நாளில எனக்குச் சொன்னதையும் ஆரும் எழுதி வச்சிருந்தா நல்லம்.”

சேர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். தோடிப் பக்கம். கேட்கிறவனுடைய மனம் பஞ்சமத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது என்று வசனம் முடிந்திருந்தது.

“போன ராவு முழுக்க யோசிச்சுப் பிடிச்சன். நல்லாரிக்கா?”

நன்றாகத்தான் இருந்தது. அடைப்பு இல்லை. நான் இல்லை. கொப்பி முழுவதும் இருந்த அக்கா ஒரு இடத்திலும் இல்லை. மற்றத் தாள்களையும் புரட்டினேன். எல்லா வெறுமையும் அடைபட்டிருந்தது.

“அதை நிரப்பாதீங்க, சேர்.”

“அப்ப வெறுந்தாளா அச்சடிக்கிற?” என்றார் றோசம்மா. “வாங்கிறவன் அச்சுக்காரனை ஏசுவான்.”

“அக்கா விட்டுத்தான் வச்சா. தன்ட பாட்டுக்கு ஒண்டும் எழுதல்ல.”

சேர் என்னைப் பார்த்தார். “அக்கா இப்ப எங்க புள்ள?”

“வன்னிக்குப் போனவ.”

றோசம்மாவின் விரல்கள் நின்றன. சேர் என் கையிலிருந்த தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கொப்பியைத் திறந்து, அதே பக்கத்தை எடுத்தார். அந்த இரண்டு வரி வெறுமையில் விரலை வைத்தார்.

“கை நொந்தா எவ்வளவு நேரம் நிண்டிருப்பாய்?”

“தெரியா சேர். அக்கா ஏசினாத்தான் திரும்பச் சுத்துவன்.”

அவர் மெல்ல முதலிலிருந்து வாசித்தார். மனம் என்ற சொல்லில் நிறுத்தி, தொடையில் தாளம் போடத் தொடங்கினார். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. மெதுவான ஆதி தாளம். வட்டம் முடிந்ததும், இவ்வளவு நேரமா என்பதுபோல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இன்னும் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் மறுபடியும் தட்டிலிருந்து தொடங்கினார்.