தொடர்பு எல்லைக்குள் ஒரு வீடு

அந்த வீட்டில் செல்போனுக்கென்று ஓர் இடம் இருந்தது. கூடத்திலும் இல்லை, படுக்கையறையிலும் இல்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த சிமென்ட் பலகையின் இடது மூலைதான் அது. அங்கே வைத்தால் இரண்டு கோடு சிக்னல் காட்டும். வலது பக்கம் ஒரு சாண் நகர்த்தினால் அதுவும் போய்விடும். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விடுவதுபோல, போனைக் கொண்டுபோய் அந்த மூலையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

வேறு வீடாக இருந்தால் இதில் சிரிக்க விஷயம் இருந்திருக்கும். இந்த வீட்டில் வெல்டரின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், நாலு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

அந்தப் பட்டியல் நடக்கும் விதம் இதுதான். எங்கோ ஒருவர் இறந்து, அவர் வீட்டார் மனமிரங்கிக் கொடுக்கும் சிறுநீரகம் ஐஸ் பெட்டிக்குள் மணிக்கணக்கில்தான் தாங்கும். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து பொருத்தமான முதல் பெயரைக் கூப்பிடுவார்கள். அரை மணி நேரம் பார்ப்பார்கள். எடுக்கவில்லையென்றால் அடுத்த பெயர். இதில் யார்மேலும் குற்றமில்லை.

ஆறு வாரத்துக்கு முன்பு அப்படி ஓர் அழைப்பு வந்தது. பிற்பகல் மூன்று இருபதிலிருந்து மூன்று ஐம்பதுக்குள் நாலு தடவை கூப்பிட்டிருந்தார்கள். அன்று கொட்டும் மழை. மழை விட்டபிறகு வெல்டர் போனைக் கையில் எடுத்தபோது நாலு குறுஞ்செய்தி வரிசையாக வந்து விழுந்தன. பதறிப்போய்க் கூப்பிட்டார். சிறுநீரகம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது.

"மழை வந்தா இந்தப் பாழாப்போன டவரு படுத்துக்குது," என்றார் வெல்டர். அதைத்தான் தெருவே சொன்னது.

 மறுநாள் அவர் மனைவி, "யாரோ ஒருத்தர் வீட்டுல சிரிச்சிருப்பாங்க, விடுங்க," என்றாள். வெல்டர் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தார்.

அதோடு முடியவில்லை. பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், இவர்கள் வாயில் 'லிஸ்ட் மேடம்', பெயரை நிறுத்திவைத்துவிட்டார். "போன் கெடைக்காதவங்கள மேல வெச்சிருந்தா மத்தவங்களுக்கு நேரம் போகுதுங்க. வீட்டுல சிக்னலுக்கு ஒரு வழி பண்ணுங்க. இந்தத் திங்கக்கிழமை பத்துலேர்ந்து பதினொண்ணுக்குள்ள ஒரு தடவ கூப்பிடுவேன். எடுத்தீங்கன்னா பேரைத் திரும்ப ஏத்தறதப் பத்திப் பேசலாம்."

கம்பி வழிப் போனோ இணையமோ அந்தப் பக்கம் வரவில்லை. டவர் கம்பெனிக்கு எழுதினால் "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. கடைசியில் வெல்டர் தன் கொழுந்தியாளைக் கூப்பிட்டார். மனைவியின் தங்கை நகரத்தில் பெரிய கட்டடங்களுக்குச் சிக்னல் கொண்டுவரும் வேலை செய்கிறவள். நிலவறை, லிஃப்ட், ஆபரேஷன் அறை என்று எங்கே போன் செத்துப்போகிறதோ அங்கே அவள் போவாள். சொந்த அக்கா வீட்டுக்கு இந்த வேலைக்காக வந்ததில்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, கம்பெனியிடம் எழுதி அனுமதி வாங்கிய பூஸ்டர் பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்ததும் தன் போனில் ஏதோ திறந்து, அறை அறையாக நடந்தாள்.

"கோட்டப் பாக்காதீங்க மாமா, கோடு பொய் சொல்லும். இந்த நம்பரப் பாருங்க."

சமையலறையில் மைனஸ் நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. வெல்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"கெணத்துல தண்ணி எத்தன அடி கீழ கெடக்குன்னு சொல்ற மாதிரி. நூத்திப் பன்னெண்டுன்னா பாதாளத்துல கெடக்கு. மூணு அடி மேல வந்தா சிக்னல் ரெண்டு மடங்கு. இன்னும் மூணு வந்தா நாலு மடங்கு. நூறுக்கு இந்தப் பக்கம் வந்துட்டா பேசலாம்."

கூடத்தில் நூற்று இருபது. படுக்கையறையில் எண்ணே இல்லை. அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஓடுகளை எடுத்துவிட்டு மூன்று வருஷம் முன்பு வெல்டர் தன் கையால் போட்ட தகரக் கூரை. ஒரு சொட்டு ஒழுகாது.

"அதான் விஷயம். சிக்னல் காத்து மாதிரி எல்லாத்துக்குள்ளயும் போகாது மாமா. மரம், ஓடு, செவுரு, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தேஞ்சு உள்ள வந்துரும். உலோகத்துல மட்டும் நுழையாது, பட்டுத் தெறிச்சுப் போயிரும். உங்க வீட்டுக்கு மேல மூடி போட்டாச்சு. ஜன்னல் வழியா மிச்சம் மீதி ஒழுகி வர்றதத்தான் நீங்க புடிச்சிட்டிருக்கீங்க."

"இவருக்கு இரும்பக் கண்டா போதும்டி," என்றாள் அக்கா, நாற்காலியில் சாய்ந்தபடி. "நான் கொஞ்சம் அசந்தா என்னையும் பத்தவெச்சுக் கதவாக்கி மாட்டிருவாரு."

வெல்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் சமையலறை ஜன்னலுக்கு அழைத்துப்போனார்.

சிமென்ட் பலகையில் ஒரு பெட்டி இருந்தது. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தது. தாழ்வான அடித்தட்டு, உயரமான மூடி, விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை, சார்ஜர் வயருக்கு ஒரு துளை. மூடியைத் திறந்துவிட்டால் போன் வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கும். சாத்திவிட்டால் உள்ளே பொட்டு ஈரம் போகாது. மூலைகளில் வெல்டிங் போட்ட தழும்பே தெரியாமல் தேய்த்துப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்.

"யப்பா! நகை வெக்கலாம் போலிருக்கே."

"சாரல் அடிச்சுப் போன் போயிரக்கூடாதுன்னு போன மாசத்துக்கு முந்தின மாசம் செஞ்சேன்," என்றார் வெல்டர். குரலில் பெருமை இருந்தது. "வெயில்ல தொறந்து வெச்சிருவேன். மழைன்னா ஒரே தட்டு, மூடிக்கும்."

கொழுந்தியாள் அக்காவின் போனை எடுத்துப் பெட்டிக்குள் நிறுத்தி மூடியைச் சாத்தினாள். பிறகு அதே பலகைமேல் தன் போனை வைத்து அந்த எண்ணைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள்.

*நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.*

மூடியைத் திறந்தாள். கூப்பிட்டாள். மணி அடித்தது. திரும்பச் சாத்தினாள். திரும்ப அதே குரல்.

வெல்டர் மூன்றாவது தடவை தானே சாத்திப் பார்த்தார். தன் கை அன்று செய்த அதே அசைவு. மழை கனத்ததும் பட்டறையிலிருந்து ஓடிவந்து, நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரே தட்டு. மணி மூன்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது காதில் விழுந்திருந்தது. மழையில் டவர் படுக்கவில்லை. டவர் தன் பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறது.

பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதுக்குள் கிரைண்டர் ஓடுவதுபோல் இருந்தது.

"அக்காகிட்ட..." என்றார் மெதுவாக.

"நான் சிக்னல் பாக்க வந்தவ மாமா. பஞ்சாயத்து பண்ண வரல." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் அது கூடப்பிறந்த அக்கா. "ஏணி எங்க இருக்கு?"

அதன்பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். பேசாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. பூஸ்டர் என்பது மூன்று பொருள். கூரைக்கு மேலே, பெரிய மீனின் முள்ளைப்போல் ஓர் ஆன்டெனா. அது ஒரே திசையில் கூர்ந்து கேட்கும். நடுவில் ஒரு பெட்டி, கேட்டதைப் பெரிதாக்கும். வீட்டுக்குள் கூரைக்கடியில் ஒரு சின்னத் தட்டு. பெரிதானதை அறைகளில் பரப்பும். நாம் பேசும்போது அதே வழியாகத் திருப்பி அனுப்பும். மூன்றையும் தடித்த கேபிள் ஒன்று இணைக்கும். இல்லாத சிக்னலை இது உண்டாக்காது. மேலே ஒரு துளியாவது பிடித்தால்தான் உள்ளே ஒரு குடம் ஊற்றும்.

வெல்டர் பன்னிரண்டடிக் குழாய் ஒன்றைச் சுவரோடு நிறுத்தி, மின்னலுக்காகத் தடித்த கம்பி இழுத்து மண்ணில் புதைத்தார். உச்சியில் மீன்முள்ளை மாட்டினார். கீழே அக்கா பூஸ்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதில் தெரியும் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

எதிரே குன்றின்மேல் டவர் நன்றாகத் தெரிந்தது. வெல்டர் முள்ளை அதை நோக்கித் திருப்பினார்.

"நூத்தி ஒம்போது!" என்றாள் மனைவி கீழிருந்து. "என்னங்க, அது ஏறுதா எறங்குதா? ஏறினா நல்லதா, எறங்கினா நல்லதா? ஒண்ணும் புரியலடியம்மா!"

"கொறையணும்க்கா!"

"கொறையல. அப்படியே குத்துக்கல்லாட்டம் நிக்குது."

"கண்ணுக்குத் தெரியற டவர் நம்ம டவர் இல்ல மாமா," என்றாள் கொழுந்தியாள். "அது வேற கம்பெனிது. நம்மளுது செங்கச்சூளைக்கு அந்தப்பக்கம், மேட்டுக்குப் பின்னால இருக்கு. பாக்க முடியாது. மெதுவாத் திருப்புங்க, ஒரு விரல்கடை அளவுக்கு."

வெல்டர் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒரு விரல்கடை.

"நூத்தி நாலு! தொண்ணூத்தேழு! தொண்ணூத்தி... ஏய், தொண்ணூறு!" மனைவியின் குரலில் இத்தனை உற்சாகத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று வெல்டருக்குத் தோன்றியது. அந்தக் குரலைத் தாங்க முடியாமல் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டார். "எம்பத்தஞ்சு! எம்பத்தஞ்சுலயே நிக்குது!"

நூற்றுப் பன்னிரண்டுக்கும் எண்பத்தைந்துக்கும் இருபத்தேழு வித்தியாசம். மூன்று மூன்றாக ஒன்பது தடவை இரட்டித்தால், ஐந்நூறு மடங்கு. கொழுந்தியாள் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். வெல்டர் தலையாட்டினார்.

உள் தட்டை மாட்டும்போது அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். கூட்டத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூ' என்று அலறுமே, அதே வியாதி பூஸ்டருக்கும் உண்டு. உள்ளே பரப்பியதை மேலே உள்ள ஆன்டெனா கேட்டுவிட்டால், தன் குரலைத் தானே பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். டவருக்கும் அது தொல்லை. சின்ன வீடுகளில் இதனாலேயே பூஸ்டரைப் பாதிச் சக்தியில்தான் ஓட்ட முடியும். இங்கே முழுச் சக்தியிலும் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"கூரைதான் மாமா," என்றாள் அவள். "தகரம் நடுவுல நின்னு ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்கு. ஓட்டு வீடா இருந்தா இவ்வளவு வராது."

அதை ஓர் ஆறுதலாகத்தான் சொன்னாள். வெல்டர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கையறையில் போனைப் பார்த்தார். மைனஸ் எழுபத்தெட்டு. கொழுந்தியாள் மாலைப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "நீங்களா சொன்னா நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது வாய்வரை வந்தது. மனைவி ஒவ்வோர் அறையாகப் போனைக் கொண்டுபோய் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். நாளை அழைப்பு வந்து முடியட்டும் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பட்டறையைத் திறக்கவில்லை. ஒன்பதரைக்கே இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். போன் நடுவில் ஸ்டூல்மேல் இருந்தது. பத்தாயிற்று. பத்தேகால். பத்து முப்பத்தெட்டுக்கு அடித்தது. மனைவி முதல் மணியிலேயே எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஆங், கெடைச்சுட்டீங்களே!" என்றார் லிஸ்ட் மேடம். "குரல் நல்லா தெளிவா வருது. எங்க உக்காந்து பேசறீங்க?"

"கூடத்துல மேடம். இங்க இப்ப எங்க வேணா பேசலாம்."

"சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு ஏன் எடுக்கலன்னு காரணம் எழுதணும். என்ன எழுதட்டும்?"

"மழைங்க மேடம். மழையில டவர் போயிருச்சு," என்றாள் மனைவி.

மறுமுனையில் தட்டச்சு நின்றது. "மழைன்னா அது மறுபடியும் பெய்யுமேம்மா. மறுபடியும் டவர் போச்சுன்னா? புதுசா மாட்டினதும் அதே டவர்லேர்ந்துதானே எடுக்குது? அப்ப நான் எப்படிக் கையெழுத்துப் போடறது, சொல்லுங்க."

மனைவி வெல்டரைப் பார்த்தாள். நியாயம்தான். மழைதான் காரணம் என்றால் பெயர் ஏறாது. வெல்டர் போனின் பக்கம் குனிந்தார்.

"மேடம், நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். டவர் போகல. நான்தான் போனை இரும்புப் பெட்டியில வெச்சு மூடிட்டேன். நனையக்கூடாதுன்னு நானே செஞ்ச பெட்டி. மூணு மணிக்கு மூடினேன். இரும்புக்குள்ள சிக்னல் போகாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நேத்துதான் தெரிஞ்சுது." மூச்சு வாங்கினார். "டவர் மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே அப்படி ஆகாது."

 மறுமுனையில் மறுபடி தட்டச்சுச் சத்தம் கேட்டது. "சரிங்க. 'கவனக்குறைவு, சரிசெய்யப்பட்டது'ன்னு போடறேன். பேர் இன்னைக்கே ஏறிடும். போனைப் பக்கத்துலயே வெச்சுக்கச் சொல்லுங்க." குரல் ஒரு கணம் தாழ்ந்தது. "மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க." போன் அடங்கியது.

மனைவி ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மணிக்கா சாத்தினீங்க?"

"ம்."

"நான் அப்ப அந்த ஜன்னலுக்கிட்டதான் உக்காந்திருந்தேன். அஞ்சு மணி வரைக்கும்." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கே இருந்தோம் என்று தானே நினைவுபடுத்திப் பார்ப்பதுபோல் சொன்னாள். "கையெட்டற தூரந்தான்."

வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் பட்டறையைத் திறந்தார். இரும்பைத் தொட்டார், வைத்தார். வீட்டுக்குள் வந்து பூஸ்டரின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் மறுபடி வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது. அழுது முடித்த குரல்.

"எத்தன தடவதான் வருவீங்க? கேட்டுக்கு வெல்டிங் வெக்கணும்னு அந்த ஆளு நேத்தே வந்து நின்னாரே, போய் வேலையப் பாருங்க." கொஞ்சம் நிறுத்தி, அவள் சொன்னாள்: "போன் எங்கிட்டதான் இருக்கு. வந்தா நான் எடுக்கறேன்."