கடலோர மாதாவுக்கு ஒரு மூட்டை சாமை

புளி வாசனை அடித்தால் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்குக் கடல் ஞாபகம் வரும். ஜவ்வாது மலையில் பிறந்து படவேட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு முந்தின மார்கழியில், புளி மூட்டை ஏற்றுகிற ஜீப்பில், கடலோரமாக இருக்கிற மாதா கோயில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். எழுபத்தெட்டாம் வருஷத்தின் கடைசி அது.

எல்லாம் அம்மாவின் வேண்டுதலால் வந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக் காய்ச்சல் கண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம். பக்கத்துக் கட்டிலில் ஜெயம்மாள் என்று ஒருத்தி, மீன்கார வீட்டுப் பெண், தன் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள்தான் அம்மாவிடம், "எங்க பக்கம் கடலோரத்துல மாதா இருக்கா. வேண்டிக்க அக்கா, கைவிட மாட்டா" என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவும் வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தால், அவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் கொல்லையில் விளைந்த சாமையை மாதா காலடியில் கொட்டுகிறேன் என்று.

நான் பிழைத்தேன். ஆனால் ஜெயம்மாள் சொன்ன ஊர்ப் பெயரை அம்மா கோட்டைவிட்டுவிட்டாள். "நீ கண்ணு சொருகிக் கெடக்குற. ஊர் பேரு எங்க காதுல ஏறும்?" என்பாள்.

எனக்குப் படவேட்டில் மாப்பிள்ளை நிச்சயமாகி இருந்தது. எங்கள் சனம்தான், ஆனால் எப்போதோ மலையை விட்டு இறங்கிக் கரும்பும் நெல்லும் போட ஆரம்பித்தவர்கள். கோபால் என்று பெயர். ஜமுனாமரத்தூர் சந்தையில் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு வெல்லம் விலையை என்னிடமே விசாரித்தார். நான் வெல்லம் விற்கவே இல்லை. அந்த அசட்டுத்தனம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மாமியாராகப் போகிற கெங்கம்மாள், "தை பொறந்ததும் முகூர்த்தம். ஒங்க வேண்டுதல சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேண்டுதல் முடிந்தால்தான் கல்யாணம். எனக்கோ எப்போது தை பிறக்கும் என்று இருந்தது.

ஜீப்பை ஓட்டியது ராஜாக்கண்ணு மாமா, அம்மாவின் தம்பி. போளூர் மண்டிக்காரரிடம் டிரைவராக இருந்தார். எத்தனை கழுவியும் ஜீப்பில் புளி வாசனை போகவில்லை. பின்னால் நானும் அம்மாவும், எங்கள் நடுவே சாமை மூட்டையும். முன்னால் அப்பா. பஞ்சாட்சரம் என்று சிவன் பெயரை வைத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

மாமா கிளம்பும்போதே சொன்னார். "அக்கா, கடலோர மாதான்னா வேளாங்கண்ணிதான். நேரா அங்க வுட்டுடறேன்."

"நீ பாத்தியா? ஜெயம்மா ஒன்கிட்ட வந்து சொன்னாளா?"

"எல்லா எடத்துலயும் ஒரே மாதாதான்க்கா."

"அதெப்படிடா? நம்மூரு மாரியம்மாவும் படவேட்டு அம்மனும் ஒண்ணா? இங்க வேண்டிக்கினு அங்க போயி கெடா வெட்டுவியா? யாருகிட்ட கேட்டனோ அவகிட்டதான் குடுக்கணும். ஒவ்வொருத்தியா உத்தரவு கேட்டுக்கினே போவலாம்."

உத்தரவு கேட்பது எங்கள் மலையில் எல்லோரும் செய்வது. விதைக்கவும் கேட்போம், பெண் கொடுக்கவும் கேட்போம். சாமியின் மேல் பூவை வைத்துவிட்டுக் காத்து நிற்போம். பூ விழுந்தால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். விழாவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். இதை மாதா கோயில்களில் செய்யப்போகிறாள் என்று தெரிந்ததும் என் மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன். அப்போது நான் கப்பலைக்கூடப் பார்த்ததில்லை.

மலை இறங்கித் திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் பாண்டிச்சேரி. தெருக்கோடியில் திடீரென்று கடல் நின்றது. நாங்கள் நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அப்பா இறங்கிப் போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "மொத்தமும் உப்பு! இம்மாந் தண்ணி இருந்து ஒரு கேவுரு நாத்து வுட முடியாது" என்றார். அவருக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை.

கடலுக்குப் பக்கத்திலேயே பெரிய மாதா கோயில். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. கிறிஸ்துமஸ் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே வைக்கோல் குடிலும், அதில் குழந்தையும், குனிந்து பார்க்கிற தாயும் இருந்தார்கள். அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து, குழந்தைக்குக் குளிராதா என்று கேட்டாள். அப்புறம் ஓர் ஓரத்தில் மாதா சிலையைக் கண்டுபிடித்து, அதற்குப் போட்டிருந்த சாமந்தி மாலையிலிருந்து பூ விழுமா என்று பார்த்தபடி, என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இவளத் தெரியுதாம்மா? வேலூர் ஆஸ்பத்திரியில கெடந்தாளே, அவதான். ஒன்கிட்டதான் கேட்டனா? உத்தரவு குடு."

பிரார்த்தனைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூசிப்போய்விட்டது. கையை உதறிக்கொண்டு வெளியே வந்து மாமாவோடு அலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஆகியும் அம்மா வராததால் மறுபடி உள்ளே போனேன். அம்மா தரையில் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானை நுனியை முடிந்துகொண்டே எழுந்தாள்.

"இன்னாம்மா ஆச்சி?"

"இவ இல்ல. வா, போவலாம்."

அம்மாவுக்கு முந்தானைதான் பீரோ. வெற்றிலைக் காம்பு, ஊசி, விதை எல்லாம் அதில்தான் முடிந்து வைப்பாள்.

அங்கிருந்து தெற்கே போனோம். பிச்சாவரத்தில் தோணி ஏறினோம். தண்ணீருக்குள்ளேயே காடு. மரங்கள் வேரை வெளியே போட்டுக்கொண்டு நின்றன. மலைக்காட்டில் புலிக்குப் பயப்படாத அப்பா, தோணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தாள். சின்னப் பெண்போல அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. வேண்டுதலுக்கு வந்த இடத்தில் தோணி ஒரு கேடா என்று முணுமுணுத்தேன்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டின பழைய கோயில் ஒன்று. உள்ளே சிலையே இல்லை, வெறும் சிலுவைதான். அம்மா நாலு மூலையும் தேடிவிட்டு வந்தாள். "சாமி வெளியூரு போயிருக்கா?" என்று அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டாள். இந்தக் கோயிலில் சிலை வைக்கிற வழக்கம் இல்லை என்று அவள் சொன்னாள். "பாவம், யாருகிட்ட பேசுவீங்க?" என்றாள் அம்மா. அந்தப் பெண் விளக்குமாறைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். கோட்டைக்குப் பக்கத்தில் அலையில் இடிந்த சுவர்மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம்.

காரைக்காலில் ஒரு கோயிலில் வேறு மாதிரி மாதா இருந்தாள். வளர்ந்த மகனை, செத்துப்போனவனை, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அங்கே உத்தரவே கேட்கவில்லை. கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்புறம் சிலையின் முட்டியை, துக்க வீட்டில் ஒரு பொம்பளை இன்னொருத்தியைத் தொடுவாளே அப்படித் தொட்டாள்.

வேளாங்கண்ணியில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எங்களைப் போல் எத்தனையோ சனம், நெற்றியில் விபூதியோடும் குங்குமத்தோடும். மொட்டை போட்டவர்கள், மெழுகுவத்தி பிடித்தவர்கள், மணலில் முட்டிபோட்டு வருகிறவர்கள். மாமா சாமை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். அம்மா கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு மாதாவைக் கும்பிட்டாள். வெளியே வந்து மூட்டையை மறுபடி ஜீப்பில் ஏற்றச் சொன்னாள்.

"இவளும் இல்லியா?" மாமா மூட்டையைத் தொப்பென்று போட்டார்.

"உத்தரவு வர்லடா."

எனக்குப் பொறுக்கவில்லை. "பூவு எங்கியோ ஒசரத்துல கீது. அது எப்படி வுழும்? ஒனக்கு என் கல்யாணம் நடக்கணுமா வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா கடலைப் பார்த்தாள். "இன்னும் தெக்க எதுனா கீதாடா?" என்று மாமாவைக் கேட்டாள். அப்பா அடிக்கடி தலையில் அடித்துக்கொள்கிறவர் இல்லை. அன்றைக்கு அடித்துக்கொண்டார்.

கோடிக்கரை வரைக்கும் போனோம். வழியெல்லாம் உப்பளம். மலையில் உப்பு என்பது சந்தையில் படி வைத்து அளந்து வாங்குகிற பொருள். இங்கே பனை ஓலையால் மூடிக் குன்று குன்றாகக் குவித்திருந்தார்கள். அம்மா கேட்டு வாங்கி ஒரு பிடி உப்பை முந்தானையில் முடிந்தாள். கோடிக்கரையில் பூநாரைகள் கூட்டமாகத் தண்ணீரில் நின்றன. எழும்பிப் பறந்தபோது வானத்தின் ஒரு பக்கம் சிவந்தது. நான் கோபத்தை மறந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பறவையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குத் தெற்கே வெறும் கடல்தான், எங்களுக்கும் சோறு இல்லை. வந்த வழியே திரும்பினோம். நான் அம்மாவோடு பேசவில்லை. வேண்டுதல் நிறைவேறாமல் திரும்பினால் கெங்கம்மாள் என்ன சொல்வார், இந்தத் தை தவறிவிடுமோ என்று அதே கவலை. மூட்டையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அம்மா என் தலையைத் தடவ வந்தாள், தட்டிவிட்டேன்.

பாண்டிச்சேரி வந்ததும், "ராஜா, அந்தக் கோயில்கிட்ட நிறுத்து" என்றாள் அம்மா. "மூட்டைய எறக்கு."

இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. நேராக அந்த மாதா முன்னால் போனாள். அங்கே இருந்த பெரியவரிடம் கேட்டு, ஒரு துணியை விரித்து, அதன்மேல் மூட்டையை அவிழ்த்தாள். என் இரண்டு கையிலும் அள்ளிக் கொடுத்து, முதலில் என்னைப் போடச் சொன்னாள். சரசரவென்று எங்கள் கொல்லைச் சாமை மாதா காலடியில் சரிந்தது. ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம் என்று சொல்லிப் பெரியவர் கும்பிட்டார்.

"உத்தரவு?" என்றேன். அத்தனை நேரத்துக்குப் பிறகு நான் பேசின முதல் வார்த்தை.

அம்மா முந்தானையில் ஒரு முடிச்சை அவிழ்த்தாள். அதில் உப்பு இருந்தது. மறுபடி முடிந்துவிட்டு இன்னொன்றை அவிழ்த்தாள். காய்ந்து சுருங்கின ஒரு சாமந்திப் பூ.

"அன்னைக்கே குடுத்துட்டா. நீ கைய ஒதறிக்கினு வெளிய போன பாரு, ஒடனே வுழுந்துடுச்சி."

"அப்புறம் எதுக்கும்மா எங்கள அத்தினி தூரம் இழுத்துக்கினு அலைஞ்ச?"

"அன்னைக்கே சாமையக் கொட்டிட்டா அன்னைக்கே வூட்டுக்குத் திரும்பணும். திரும்புனா தை வந்துடும். நீ பூடுவே." பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒன்ன எம்பக்கத்துல ஒக்காத்தி வச்சிக்கினு எங்கனா போயிருக்கனா? காடு, கொல்ல, அடுப்பு. இதான் மொதலு. இதான் கடைசி."

"சாமிகிட்ட பொய் சொன்னியே, கோவிச்சிக்க மாட்டாளா?"

அம்மா குடிலைத் திரும்பிப் பார்த்தாள். அதை இன்னும் பிரிக்கவில்லை.

"மாட்டா. இங்க பாரு, புள்ளய வைக்கோல்ல படுக்க வச்சிக்கினு கீறா. அந்த ஊர்ல பாத்தமே, மடியில போட்டுக்கினு ஒக்காந்து இருந்தா. நடுவுல அவளுக்கு எத்தினி நாளு கெடச்சிருக்கும்? நாலு நாளு சேத்து வச்சிக்கறேன்னா அவ இல்லன்னா சொல்லுவா?"

நான் அந்த இடத்திலேயே அவள் மேல் விழுந்து அழுதேன். என்ன நடந்தது என்று தெரியாமல் அப்பா வாசலில் செருப்புக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார்.

ஜீப் திண்டிவனம் தாண்டியது. மூட்டை இல்லாத இடத்தில் நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்துக்குள் மலை ஏறிவிடலாம் என்று மாமா வேகமாக ஓட்டினார். செஞ்சி வந்தது. பாறையும் கோட்டையுமாக மலைகள் தெரிந்தன.

"மாமா, நிறுத்துங்க. கோட்டைய ஏறிப் பாத்துட்டுப் போலாம்."

அப்பா திரும்பினார். "மலையில பொறந்துட்டு மலைய ஏறிப் பாக்கணுமா? அங்க யாருக்கு வேண்டுதல்?"

"நான் வேண்டிக்கினேன்ப்பா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். சட்டென்று முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். உப்பு முடிந்த முந்தானையோடு அவள் கை வந்து என் கையைப் பிடித்தது. மாமா ஜீப்பை ஓரம் கட்டினார்.

அன்றைக்கு நாங்கள் வீடு போய்ச் சேரவில்லை.