அறுபத்து மூன்று பேர் குடியிருந்த வீடு

"மாமா, இந்த வெப்சைட்டுகள் எல்லாம் இரவில எங்க படுக்கிறது?"

யதுர்ஷிகா ஏழு வயதில் இப்படிக் கேட்டபோது கிருபன் சிரிக்கவில்லை. பிள்ளைகள் கேட்டால் நேராகப் பதில் சொல்வது அவன் பழக்கம். "சிங்கப்பூரில ஒரு பெரிய வீடு இருக்கு பிள்ளை. அதில கொஞ்ச அறையளை நான் வாடகைக்கு எடுத்து, எங்கட ஆக்களுக்குத் திருப்பி வாடகைக்கு விடுறன். எல்லாரும் அங்கதான் படுக்கினம். கதவுத் திறப்பு மட்டும் என்னட்டை."

பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வாடகைக்காரர் எல்லாரும் சேர்ந்து கிருபனைத் தேடுவார்கள் என்று அவனுடைய அக்கா ஜெகதீஸ்வரி நினைத்திருக்கவில்லை. ஜெயபுரத்து வீட்டு முற்றத்தில், தம்பியின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்தபடி, அவனுடைய ஃபோனை ஏழாவது தடவையாக எடுத்துக் காதில் வைத்தாள்.

"கிருபன் எங்க?" ஓர் ஆண் குரல். வணக்கம்கூட இல்லை.

"நான் அவன்ர அக்கா கதைக்கிறன். தம்பி நேற்றுக் காலமை செத்துப்போனான்."

"உந்தக் கதையை விடுங்கோ அக்கா. போன வருசம் ஒருத்தன் இப்பிடித்தான் செத்தவன். பிறகு பாத்தால் கொழும்பில கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறான். அஞ்சு நாளா என்ர டியூட்டரிப் பக்கம் திறக்குதில்லை. பிள்ளையளின்ர மாதிரிப் பேப்பர் முழுக்க அதுக்குள்ள. எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள் ஆளை?"

ஜெகதீஸ்வரி ஃபோனைப் பறை அடிப்பவர்கள் பக்கம் நீட்டினாள். பிறகு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் நீட்டினாள். திரும்பக் காதில் வைத்தாள்.

"கேட்டுதோ?"

மறுமுனையில் சந்தேகமாக, "ரெக்கோர்டிங் போடுறியளோ?"

"ஓம் தம்பி, ரெக்கோர்டிங்தான். பெட்டி, பந்தல், அழுகிற சனம் எல்லாம் ரெக்கோர்டிங். வந்து பாருங்கோ, சோடாவும் தருவம்."

வெட்டிவிட்டாள். செத்த வீட்டில் இருந்துகொண்டு இப்படி வாய் காட்டினேனே என்று உடனே மனம் சுட்டது. ஆனால் என்னதான் செய்வது? விடிந்ததில் இருந்து இதுதான் வேலை. தம்பிக்காக அழ உட்கார்ந்தால் ஃபோன் அடிக்கிறது. எடுத்தால், "கள்ளன் எங்க?" நிறுத்தி வைக்கவும் வழியில்லை. லண்டனில் இருக்கும் பெரியண்ணருக்குத் தெரிந்தது இந்த ஒரே இலக்கம்தான்.

பிழை கிருபனுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும். சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடமாக வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக் போய் வந்தவன், அதை ஒரு வாடிக்கையாளருக்கும் சொன்னதில்லை. "வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சால் ஆக்கள் பயந்திடுவினம் அக்கா." கடைசியாக வார்டில் இருந்த பதினொரு நாளில், முதல் ஒரு கிழமையும் கட்டிலில் படுத்தபடியே எல்லாருக்கும் மறுமொழி அனுப்பினான். பிறகு நினைவு தப்பியது. சிங்கப்பூருக்குக் கட்ட வேண்டிய வாடகை கட்டுப்படவில்லை. இணையதளங்கள் எல்லாம் ஒன்றாக மறைந்தன. சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனவனைக் கள்ளன் என்பார்கள்தானே.

பத்து மணி போல ஒரு மோட்டார் சைக்கிள் வாசல் படலையடியில் வேகமாக வந்து நின்றது. இறங்கிய மனிதர் சண்டைக்கு வந்தவர் என்று நடையிலேயே தெரிந்தது. படலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் கண்டதும் அந்த நடை நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு லொறிக்காரப் பெடியன் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை இறக்க ஆளில்லாமல் நிற்பதைக் கண்டு, அதில் இரண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வைத்துவிட்டு, தலையில் தொப்பியைச் சரிசெய்து, பெட்டியைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

ஜெகதீஸ்வரி எழுந்து அவரிடம் போனாள்.

"நீங்களும் வெப்சைட்டோ?"

அவர் தலை குனிந்தார். "ஓம் அக்கா. பேர் மஸாஹிர். முல்லைத்தீவில கருவாட்டு யாவாரம். அதை இப்ப கதைக்கிற நேரமில்லை."

"கதையுங்கோ. விடிஞ்சதில இருந்து கதைக்காத ஆள் நீங்கள் ஒராள்தான். தம்பி செத்தவன் எண்டு நம்புறியளோ?"

"கண்ணால பாத்திட்டன் அக்கா."

"அது காணும். ஏழு பேர் நம்பேல்லை."

மஸாஹிர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தளத்தைத் திறந்தால் ஓர் அறிவிப்பு வருகிறது. சிங்கப்பூர்க்காரர் சனிக்கிழமைவரை பொறுப்பார்கள். அதற்குள் கிருபனின் பெயரில் உள்ளே போய்ப் பணம் கட்டாவிட்டால் எல்லாம் அழிக்கப்படும். ஒருவருடையது அல்ல, கிருபனை நம்பி இருந்த அத்தனை பேருடையதும்.

"அறுபத்து மூண்டு பேர்" என்றாள் ஜெகதீஸ்வரி. "நாயன்மார் மாதிரி எண்டு பகிடி விடுவான்." விரலில் நாட்களை எண்ணினாள். "சனிக்கிழமை எண்டால் நாளையிண்டைக்கு. அதுக்குப் பிறகு என்ர தம்பி உண்மையாவே கள்ளனாப் போயிடுவான், என்ன?"

மஸாஹிர் குரலைத் தாழ்த்தினார். "பாஸ்வேர்டை எங்கையாவது எழுதி வச்சிருப்பாரோ அக்கா?"

மகள் யதுர்ஷிகா குசினிப் பக்கமிருந்து வந்தாள். "கொம்பியூட்டரைத் திறக்கவே ஒரு பாஸ்வேர்ட் கேக்குது. நேற்று முழுக்கப் பாத்திட்டன்." பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "அம்மா, மாமா வார்டில கிளினிக் கொப்பியின்ர பின்பக்கத்தில எழுதிக்கொண்டு இருந்தவரெல்லே? ஆரையும் தொட விடாமல் தலகாணிக்குக் கீழ வச்சிருந்தவர். அது எங்க?"

ஜெகதீஸ்வரி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அதிகாலையில் அவனுக்கு வேட்டி கட்டி, திருநீறு பூசி, பெட்டிக்குள் வளர்த்தியபோது, மூக்குக்கண்ணாடியையும் அந்தக் கொப்பியையும் அவள்தான் தலையணைக்குக் கீழே வைத்தாள். இரண்டு வருடம் கைவிடாமல் கொண்டு திரிந்த பொருள். போகிற இடத்திலும் கையோடு இருக்கட்டும் என்று நினைத்தாள். அன்பில் செய்த வேலைதான். அன்பில் செய்தது எல்லாம் சரியாகிவிடுகிறதா?

அந்த நேரம் பார்த்துப் பறை நின்றது.

"பெட்டி மூடப்போறம். பாக்கிறவை வந்து பாருங்கோ" என்று யாரோ கூப்பிட்டார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்திருந்தது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இதை விட்டால் அவளுக்கு வேறு நேரமில்லை. இத்தனை பேர் முன்னால், பெட்டிக்குள் போட்டதைத் திருப்பி எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? ஐயர் விடுவாரா? ஆளாளுக்கு ஒரு நியாயம் சொல்லவே பொழுது போய்விடும்.

வற்றாப்பளை அம்மாளே என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். மூடியைத் தூக்கியவர்களைத் தள்ளிக்கொண்டு போய் அவன்மேல் விழுந்தாள்.

கன்னத்தோடு கன்னம் வைத்தாள். பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. வலது கை தலையணைக்குக் கீழே போனது. முதலில் கண்ணாடி தட்டுப்பட்டது. இன்னும் உள்ளே விட்டாள். "தா அப்பன்" என்று அவன் காதுக்குள் சொன்னாள். "அக்காட்டைத் தா." கொப்பியின் மட்டை விரலில் பட்டதும் அவளுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. விடிந்ததில் இருந்து வர மறுத்த அழுகை. கொப்பிக்காகத்தான் குனிந்தாள். ஆனால் அழுதது கொப்பிக்காக அல்ல.

நான்கு பெண்கள் சேர்ந்து அவளை இழுத்து எடுத்தார்கள். "விடு ஈஸ்வரி, போறவனை விடு" என்றார்கள். அவள் சேலைத் தலைப்பை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மஸாஹிரும் சுடலைவரை கூடவே நடந்தார்.

மறுநாள் ஜும்மா தொழுகை முடித்துவிட்டு மஸாஹிர் திரும்பவும் வந்தார். தெய்வம் அனுப்பும் ஆட்கள் இப்படித்தான், சண்டைக்குப் புறப்பட்டு உதவிக்கு வந்து சேருகிறார்கள். கொப்பியின் முன்பக்கம் முழுக்க டொக்டர்மாரின் கிறுக்கலும், சிவப்பு மையில் அடிக்கோடிட்ட எண்களும். பின்பக்கம் கிருபனின் குண்டுமணிக் கையெழுத்து. அறுபத்து மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒவ்வொரு பாஸ்வேர்ட். எல்லாவற்றுக்கும் மேலே, கோடு போட்டு, கொம்பியூட்டரின் பாஸ்வேர்டும் பெரிய வீட்டின் திறப்பும்.

யதுர்ஷிகா தட்டினாள். உறுதிப்படுத்தும் இலக்கம் கிருபனின் ஃபோனுக்கு வந்தது. திட்டு வாங்கி வாங்கிச் சூடேறிப் போயிருந்த அந்த ஃபோன் முதல் தடவையாக ஒரு நல்ல வேலை செய்தது. பெரியண்ணர் லண்டனில் இருந்து ஒரு மாதத்துக்குக் கட்டினார். கருவாட்டுக் கடையின் பக்கம் திறந்தபோது மஸாஹிர், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரைக்கும் தாயும் மகளும் அறுபத்து மூன்று பேருக்கும் ஃபோன் எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள் என்று சொன்னார்கள். சொல்லிச் சொல்லி ஜெகதீஸ்வரிக்கு நாக்கு வறண்டது. எல்லாரும் நன்றி சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் ஒரு மாதம் காணாது, மூன்று மாதம் வேணும் என்றார். ஒரு கோயில் தலைவர், மாறுவதற்கு முதல் முகப்பின் நிறத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கித் தர ஏலுமோ என்று கேட்டார்.

"ஐயா, நிறம் மாத்திறவன் போயிட்டான்."

"ஓமோம், அது தெரியும் பிள்ளை. எண்டாலும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமெண்டு."

டியூட்டரிக்காரரின் முறை வந்தபோது, அவர் நெடுநேரம் தொண்டையைச் செருமினார். "அக்கா... அண்டைக்கு நான்..."

"பேப்பர் எல்லாம் எடுத்தியளோ?"

"எடுத்தனான் அக்கா."

"அப்ப பிள்ளையளைப் படிப்பியுங்கோ" என்றாள்.

ஒவ்வொரு பெயரையும் வெட்டிக்கொண்டே வந்தாள். அறுபத்து மூன்றும் முடிந்து கடைசித் தாளைத் திருப்பியபோது, அடியில் ஒரு வரி மிச்சமிருந்தது. எழுத்து ஆடியிருந்தது. நினைவு தப்புவதற்கு முதல் நாள் எழுதியதாக இருக்க வேண்டும்.

"பன்னிரண்டாம் கட்டில் அப்புத்துரை ஐயா. சார்ஜர்."

"இது வெப்சைட் இல்லையம்மா" என்றாள் யதுர்ஷிகா.

ஜெகதீஸ்வரி எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த பையை அவிழ்த்துப் பார்த்தாள். துவாய்க்குள் சுற்றியபடி ஒரு சார்ஜர் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இரவல் கொடுத்தது. அதைக் கொண்டுதான் அந்த ஒரு கிழமையும் அவன் எல்லாருக்கும் மறுமொழி அனுப்பியிருக்கிறான்.

செத்தவீட்டுத் துடக்குக்காரி கோயிலுக்குப் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. மறுநாள் காலை மகளுக்கும் சொல்லாமல் வவுனியா பஸ் ஏறினாள்.

வார்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் அயர்ந்திருந்தார்கள். தாதி மறு அந்தத்தில் முதுகு காட்டி நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கிருபனின் கட்டிலில் புது விரிப்பு. அடுத்த கட்டிலில் அப்புத்துரை ஐயா வாயைத் திறந்தபடி நித்திரை. அவருடைய பழைய ஃபோன் சின்ன மேசையில் கறுத்துப்போய்க் கிடந்தது.

சுவரில் சார்ஜரைச் செருகி, மறுமுனையை ஃபோனில் பொருத்தினாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் வெறும் பற்றரியின் படம் ஒன்று தோன்றி, அடியில் மெல்லப் பச்சை ஏறத் தொடங்கியது.

வயர் தட்டுப்படாமல் இருக்க அதைக் கட்டில் காலோரமாக ஒதுக்கிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே நடந்தாள்.