குடைக்காரனுக்கு வாசித்தது

ஜனங்களைச் சிரிக்க வைக்க ஐந்து வாத்தியம் போதும். ஒரு டிரம், ஒரு ஜால்ரா, ஒரு டிரம்பெட், ஒரு வயலின், ஒரு கிளாரினெட். ஆள் வழுக்கி விழுந்தால் டிரம். விழுந்தவன் தலையில் பானை உடைந்தால் ஜால்ரா. மாமியார் உள்ளே வந்தால் டிரம்பெட். புருஷன் பொய் சொன்னால் வயலினில் ஒரு இழுப்பு. இதையெல்லாம் நான் மெட்ராஸில் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

என் பெயர் தோமினிக். சேலத்தில் ஒரு பேண்டு செட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளாரினெட் வாசிக்கிறேன். கல்யாணம், தேர், சாவு, தேர்தலில் ஜெயித்தவன் ஊர்வலம், எது வந்தாலும் போவோம். சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் வெயிலில் நடப்பதுதான் முதல் வேலை. வாசிப்பு அதற்கு அப்புறம்தான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் வாசித்ததை நின்று கேட்டவர்கள் என்று பத்துப் பேரைச் சொல்ல முடியாது.

ஆனால் எனக்கென்று ஒரு பாட்டு இருந்தது. அதைத் தெருவில் வாசிக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, எங்கள் மகள் மரியபுஷ்பத்தின் குழிமேட்டில் மட்டும் வாசிப்பேன்.

எழுபத்தொன்றில் அவள் பிறந்தாள். அழ ஆரம்பித்தால் நிறுத்தாத பிள்ளை. பால் கொடுத்தாலும் அழுவாள், தூளியில் போட்டாலும் அழுவாள். நான் கிளாரினெட்டை எடுத்து நாலு ஸ்வரம் மேலே போய், அங்கே கொஞ்சம் நின்று, மெதுவாகக் கீழே இறங்கினால் மட்டும் சட்டென்று நிறுத்திவிடுவாள். வாயைத் திறந்தபடி, கீழ் உதட்டில் எச்சில் வழிய, கிளாரினெட்டின் அடிவாயையே உற்றுப் பார்ப்பாள். சில நாள் அந்த ஓட்டைக்குள் கையை விடுவாள். ஒரு வயது முடியட்டும், ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுக்கலாம் என்று நானும் என் மனைவி ஞானமேரியும் பேசி வைத்திருந்தோம். பதினோராம் மாதம் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

போட்டோ இல்லை. அந்த நாலு ஸ்வரம்தான் மிச்சம். அதை வைத்து நான் ஒரு முழுப் பாட்டாகச் செய்தேன். முதல் வருஷம் குழிமேட்டில் வாசித்தபோது ஞானமேரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "வந்தாளுங்க. வாயைத் தொறந்துக்கிட்டு அப்படியே பார்க்கறா" என்றாள். எனக்கும் அப்படித்தான் வந்திருந்தாள். அதன்பிறகு வருஷா வருஷம் அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் இரண்டு பேரும் கல்லறைக்குப் போனோம். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

இப்போது மெட்ராஸ் சமாச்சாரத்துக்கு வருகிறேன். என் சித்தப்பா மகன் சவரியார் அங்கே டிரம்பெட் வாசிக்கிறான். எண்பத்தாறு சித்திரையில் அவனிடமிருந்து தந்தி வந்தது. டெலிவிஷனில் வாரா வாரம் குட்டிக் குட்டி நாடகமாகப் போட்டுச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி ஒன்று ஆரம்பிக்கிறார்களாம். அதற்கு இசை பதிவு செய்ய வேண்டிய அன்று கிளாரினெட்காரருக்குப் பொன்னுக்குவீங்கி. கன்னம் இரண்டும் பந்தாக வீங்கியவரால் எதை ஊத முடியும். உடனே வா என்றான். போனேன். பஸ்ஸில் பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் இறங்கி, பல் விளக்கி, நேராக ஸ்டுடியோவுக்குப் போய் நின்றேன்.

அங்கே துண்டு இசையை 'பிட்' என்றார்கள். கதவு மூட ஒரு பிட், கடிதம் கிழிக்க ஒரு பிட், பூனை ஓட ஒரு பிட். சாயங்காலம் வரை பிட்டு பிட்டாக ஊதி எனக்கு உதடு மரத்துப்போனது. கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. ஒரு ஆள் ஏதோ சான்றிதழ் கேட்டு ஒரு ஆபீசுக்கு வருகிறான். இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னலுக்குப் போ என்கிறார்கள். அந்த ஜன்னல் சாத்தியிருக்கிறது. சரி போகலாம் என்று திரும்பினால் அவன் குடையின் வளைந்த பிடி கதவுக் கம்பியில் மாட்டிக்கொள்கிறது. இழுக்கிறான், வரவில்லை. அவன் திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு இசை வேண்டும்.

நான் நாலு விதமாக வாசித்தேன். தயாரிப்பாளர் நாலுக்கும் உதட்டைப் பிதுக்கினார். "இது போதாது சார். இன்னும் சோகமா வேணும். நிஜமாவே அழுகை வரணும். அப்பத்தான் பார்க்கறவன் விழுந்து விழுந்து சிரிப்பான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான்.

மணி ஐந்தரை ஆகிவிட்டது. டிரம்காரர் கொட்டாவி விடுகிறார், சவரியார் என்னை முறைக்கிறான், எனக்கோ எங்கேயாவது ஒரு மூலையில் சுருண்டு படுத்தால் போதும் என்றிருந்தது. இனி யோசிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. விரல் தானாகப் போய் அந்த நாலு ஸ்வரத்தில் நின்றது. நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம், அதுதான் நிஜம். வாசித்து முடித்ததும் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். குடைக்காரன் இனி வாரா வாரம் வருவான், வரும்போதெல்லாம் இதையே போட்டுவிடலாம் என்றார்.

எனக்குப் பெரிதாகக் கவலை வரவில்லை. காரணம் ஒன்றுதான். சேலத்துக்கு அப்போது மெட்ராஸ் டெலிவிஷன் படம் விழாது. வசதியுள்ள நாலு பேர் மொட்டை மாடியில் பனைமர உயரத்துக்கு ஆன்டெனா குழாய் நட்டு, திரையில் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ்காரன் சிரித்துவிட்டுப் போகட்டும், ஞானமேரி காதுக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

ஆடி மாதம் பக்கத்தில் புது டவர் வந்து, எங்கள் ஊரில் படம் பளிச்சென்று விழ ஆரம்பித்தது.

எதிர் வீட்டுச் செங்கோடன் லாரி வைத்திருப்பவர். இரண்டாவது லாரிக்கு நாமக்கல்லில் பாடி கட்டி முடித்த கையோடு ஒரு டெலிவிஷன் பெட்டியும் வாங்கி வந்துவிட்டார். தெருவே அவர் வீட்டில்தான் குடியிருந்தது. அவர் மனைவி சென்னம்மாள் நல்ல மனுஷி. வாசலில் நின்று ஞானமேரியை ஓயாமல் கூப்பிடுவாள். "ஏனுங்க மேரியக்கா, நம்மூட்டுக்கு வந்து டிவி பார்த்தா என்னங்க? செவ்வாக்கெழமை ஏழரைக்கு ஒரு சிரிப்பு போடறாங்க. அந்தக் கொடைக்காரனைப் பார்த்தா வயிறு நொந்துபோகும்."

அன்றிலிருந்து நான் பக்திமானாகிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கோவிலில் அந்தோணியார் நவநாள் ஜெபம். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் கோவிலுக்கு வருகிறவன், செவ்வாய் தவறாமல் ஞானமேரியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நவநாள் ஏழு மணிக்கு முடிந்துவிடும். எட்டு வரை அவளை எப்படி நிறுத்துவது என்பதுதான் பாடு. மாதா சுரூபம் இருக்கும் கெபி முன்னால் ஒரு ஜெபமாலை சொல்வோம். மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது என்று மறுபடி ஏற்றுவேன். கடலை வாங்கி ஒவ்வொன்றாக உரிப்பேன். அந்தோணியார் தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். நான் அவரிடம் போய் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன். வயசானால் ஆம்பளைக்குப் பக்தி வரும் என்று ஞானமேரி நினைத்திருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் தெருவை எந்தக் கோவிலுக்குக் கூட்டிப் போவது? பிள்ளைகள் பாண்டி ஆடும்போது அந்த நாலு ஸ்வரத்தை முணுமுணுத்தார்கள். யாராவது தடுக்கி விழுந்தால் கூட இருக்கிறவன் அதைச் சீட்டியடித்தான். எங்கள் செட்டில் டிரம் அடிக்கும் சென்றாயன்கூட, ஒருநாள் என் கோட்டு ஆணியில் மாட்டிக்கொண்டபோது அதையே பாடிக் காட்டினான். அது யார் வாசித்தது என்று அவனுக்குத் தெரியாது. அவனை அறையலாம் போல இருந்தது. கோட்டை விடுவித்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒரே ஒரு செவ்வாய் மட்டும் தவறியது. புரட்டாசியில் மேட்டூரில் ஒரு ஊர்வலம். திரும்பி வர ஒன்பது ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது ஞானமேரி ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். "கைகால் கழுவிட்டு வாங்க" என்றாள். சாப்பாடு போட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டு மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. உடம்பு சரியில்லை, உதடு வெடித்திருக்கிறது, கிளாரினெட் வாயில் வைக்கும் ரீட் உடைந்துவிட்டது என்று மூன்று சாக்கு தயாராக வைத்திருந்தேன். காலையிலேயே ஞானமேரி கிளாரினெட் பெட்டியைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டாள். சாமந்தியும் மெழுகுவர்த்தியும் கூடையில் இருந்தன. மூன்று சாக்கையும் விழுங்கிவிட்டுப் பின்னால் நடந்தேன்.

சாயங்காலம் நாலரை இருக்கும். கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம். களை பிடுங்குகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், பிள்ளைகள் உருகிய மெழுகை உருட்டி விளையாடுகிறார்கள். பாதர் தண்ணீர் தெளித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எங்கள் குழிமேடு சின்னது. இரண்டு முழ நீளம்கூட இருக்காது. ஞானமேரி பூவை வைத்து, வர்த்தியை ஏற்றி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் திறக்காமல் நின்றேன்.

"ஏனுங்க நிக்கறீங்க?"

"இந்த வருஷம் வேண்டாம் மேரி."

அவள் வர்த்தியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க மேட்டூர் போன அன்னிக்குச் சென்னம்மா ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. அந்தக் கொடைக்காரன் வந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சனுங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுட்டேன். அதுக்கப்புறந்தான் அது என்ன பாட்டுன்னு தெரிஞ்சுது."

பக்கத்து மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். அசதியாக இருந்தது என்றேன். ராத்திரி தூக்கம் இல்லை, வேறு ஒன்றும் வரவில்லை, இங்கே படம் விழாது என்று நினைத்தேன் என்றேன். ஒவ்வொன்றும் உண்மைதான். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

"எதுக்குங்க இப்ப அதெல்லாம். உங்களைக் குத்தம் சொல்லறதுக்குச் சொல்லலீங்க. அன்னிக்கிருந்து பயமாவே இருக்குது, அதைத்தான் சொல்றேன். இங்க வெச்சு வாசிச்சா வர்றாளான்னு பார்க்கோணும். வாசிங்க."

வாசித்தேன். நாலு ஸ்வரம் மேலே போய், நின்று, கீழே இறங்கினேன். முன்பெல்லாம் நான் ஆரம்பித்தால் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். இந்தத் தடவையும் நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு பையன், "டேய், கொடைக்காரன் பாட்டு" என்றான். கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு கிளம்பி வரிசையோடு போனது. யாரோ ஒரு அம்மா அவன் தலையில் குட்டி அடக்குவது கேட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, குரலில் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. ஞானமேரி கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, வாசல் கதவு திறக்கக் காத்திருக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். கடைசி ஸ்வரம் வரை வாசித்து முடித்தேன்.

அவள் கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

"வரலீங்க" என்றாள். "கதவுல கொடை மாட்டிக்கிட்டு நிக்கறான். அவன்தான் வர்றான்."

நான் கிளாரினெட்டைக் கழற்றித் துணியால் துடைத்தேன். எச்சில் வடிந்து மண்ணில் சொட்டியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உங்களுக்காச்சும் வர்றாளுங்களா?"

"வர்றா" என்றேன்.

"எப்படி இருக்கறா, சொல்லுங்க."

"வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கறா. கீழ் ஒதட்டுல எச்சில் வடியுது. கையை உள்ள விடப் பார்க்கறா."

அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். "அப்பறம்?" என்றாள். நெற்றியில் விழுந்த முடி, காதோரம் வைத்த மை, கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு என்று ஞாபகத்தில் வார்த்தையாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது போலிருந்தது. வர்த்தி அணையும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எனக்குச் சித்திரை மாதம் அந்த ஸ்டுடியோவில் வாசித்து முடித்தபோதே மகள் முகம் போய்விட்டது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிய ஆள்தான் தெரிகிறான்.